கோணல் வரப்பு

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, இந்த வருஷம் நீ ஒரு அரை மணி நேரம் பேசணும், ஏதாவது டெக்னிக்கலா இருக்கட்டும்" என்றார். நான் மேம்பாலம் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். பாலத்தைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்னாடியே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதிலும் நம் காலடியில் கிடக்கிற கரிசல் மண். சரிவும், அந்தச் சரிவில் நாம் செய்கிற வேலையும் இந்த மண்ணை என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம். நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லப் போகிறேன். ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் சோதனை

மூன்றாம் ஆண்டு சாயில் மெக்கானிக்ஸ் லேப் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் ஒரு கண்ணாடிக் குடுவையில், இன்னொரு 10 கிராம் இன்னொரு குடுவையில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மண்ணெண்ணெயில் போட்ட மண் போட்டபடி கிடக்கும். தண்ணீரில் போட்டது புளித்த மாவு மாதிரிப் பொங்கி நிற்கும். நம் வளாகத்துக் கரிசலை எடுத்துச் செய்தபோது, "சார், ரீடிங் தப்பா இருக்கு" என்று நான் போய்ச் சொன்னேன். "ரீடிங் சரிதான், மண்ணுதான் அப்படி" என்றார் சார்.

காரணம், இந்த மண்ணில் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு களி. அந்தக் களியில் பெரும்பகுதி மான்ட்மோரில்லோனைட் வகை. அப்பளக் கட்டு மாதிரி தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் விரியும், வெளியேறினால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் நம் காடுகளில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான்.

நாம் இந்த மண்ணை எதிரியாகத்தான் படித்தோம். கட்டடத்தைத் தூக்கும், தரையைப் பிளக்கும், ரோட்டை அலையலையாக்கும். அதனால் தோண்டி வெளியே போடு, கிராவல் நிரப்பு, இல்லையென்றால் ரூர்க்கி ஆராய்ச்சி நிலையம் 1950-களில் உருவாக்கிய அடி அகன்ற பைல் போடு. பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க். அதே மண்ணில்தான் எங்க அய்யா பருத்தியும் உளுந்தும் விளைய வைத்து எனக்குப் பீஸ் கட்டினார். ஒரு மழை பெய்தால் இரண்டு மாதத்துக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற மண், அதே களியால்தான் அந்த வேலையைச் செய்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மலையிலிருந்து கண்மாய் வரை

சர்வே கேம்ப் நாட்களில் குருமலைப் பக்கம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மலையடியில் நின்று கண்மாயைப் பார்த்து இறங்கினால் மண் மாறிக்கொண்டே வரும். மேலே பாறையும் சரளையும். கொஞ்சம் கீழே மெல்லிய செவல். இன்னும் கீழே செவலும் கரிசலும் கலந்த மண். அப்புறம் ஆழமான கரிசல். கடைசியில் கண்மாய்க்குள் வண்டல். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே செவலும் கரிசலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த ஊர் இடைசெவல்தானே.

இந்த வரிசை தற்செயலாக வந்ததில்லை. சரிவு ஒரு சல்லடை. மேட்டில் விழுகிற தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. பொடி மண்ணையும், கரைகிற சுண்ணாம்பு முதலிய சத்துகளையும் எடுத்துக்கொண்டு போகிறது. மேலே மிஞ்சுவது பருமணலும் இரும்பின் சிவப்பும். கீழே தண்ணீர் தேங்கி, சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்கிற இடத்தில்தான் இந்த விரியும் களி உருவாகிறது. அங்கே அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடப்பதும் இதனால்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை நிதானமாகச் செய்த வேலை இது. மேட்டு மண்ணை மெல்ல மெல்ல இறக்கிக் கீழே கரிசலாக அடுக்கி வைத்திருக்கிறது. அந்த நிதானத்தைக் கெடுக்கிற வேலையைத்தான் நாம் ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் செய்துவிடுகிறோம்.

கரிசலில் ஒரு விசேஷம் உண்டு. வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையை அப்படியே குடிக்கும். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய சர்வதேச வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், இக்ரிசாட், அங்குள்ள கரிசலில் அளந்து பார்த்திருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் மணிக்கு 70 மி.மீ.க்கு மேல் என்கிற வேகத்தில் தண்ணீரை உறிஞ்சிய மண், நன்றாக நனைந்து வெடிப்புகள் மூடிய பிறகு மணிக்கு 1 மி.மீ. கூட உறிஞ்சுவதில்லை. அதாவது ஐப்பசியில் சல்லடை, கார்த்திகையில் சிமெண்டுத் தளம். நமக்கு ஆண்டு மழையே எழுநூறு மி.மீ. சொச்சம்தான். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. சிமெண்டுத் தளத்தில் கொட்டுகிற மழை எங்கே போகும்? சரிவைப் பார்த்துத்தான் போகும்.

"இங்க ஏதுப்பா சரிவு, தட்டையாத்தானே கிடக்கு" என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தட்டைதான். லெவல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, சில இடங்களில் மூன்று. இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் என் கதை இருக்கிறது.

நான் செய்த நேர்க்கோடு

எங்க தாத்தாவுக்குப் பத்து ஏக்கர் கரிசல். பாகம் பிரித்தபோது மேல் பாதி அய்யாவுக்கு, கீழ்ப் பாதி சின்னையாவுக்கு. எங்கள் ஐந்து ஏக்கர் சரிவு நெடுக 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். நடுவில் மூன்று குறுக்கு வரப்புகள். ஆக நான்கு துண்டுகள். வரப்புகள் ஒன்றுகூட நேராக இருக்காது. பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போகும். மேலே கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடக்கும். ஓரத்தில் இரண்டு வேம்பு, ஒரு உடைமரம். ஒவ்வொரு வரப்பின் கடைசியிலும் கல் பாவிய சின்ன வடிகால். ஒன்று கிழக்கே என்றால் அடுத்தது மேற்கே.

2019 கோடையில் ஊருக்கு வந்தேன். அய்யாவுக்கு வயதாகிவிட்டது, உழவுக்கு மாடு இல்லை, எல்லாம் டிராக்டர்தான். சின்னத் துண்டுகளில் டிராக்டர் திரும்பித் திரும்பி டீசல் வீணாகிறது என்று டிரைவர் சொன்னார். ஊரெல்லாம் மக்காச்சோளத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். நான் இன்ஜினியர் இல்லையா, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டேன். மூன்று வரப்பையும் எடுத்தால் ஒரே காடு. 200 மீட்டர் நீளத்துக்கு மேலிருந்து கீழாக நேர்ச்சால். இருபது செண்ட் நிலம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கும் போட்டேன்.

அய்யா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏய்யா, அந்த வரப்பு ஒன்னும் சும்மா கோணலா இல்ல. உங்க தாத்தா தண்ணி ஓட்டம் பாத்துப் போட்டது. எடுக்கணுமான்னு ஒருக்கா யோசிச்சுக்கோ."

சின்னையா அதுகூடச் சொல்லவில்லை. "ஒன் நெலத்துல நீ என்ன வேணாலும் செய்யி. தண்ணி எங்காட்டுக்குத்தான வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் யோசிக்கவில்லை. இரண்டு நாளில் ஜே.சி.பி. வேலை முடிந்தது. நிலம் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீங்கள் எல்லாம் கட்டை விரலைக் காட்டினீர்கள். அந்தத் தப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு!

முதல் இரண்டு ஆண்டு பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மழைக்குப் பிறகு விரல் ஆழத்துக்குக் கோடு கோடாக மண் அரித்திருக்கும். அடுத்த உழவில் அது மறைந்துவிடும். மேல் பக்கம் வெளுக்கிற மாதிரி இருக்கிறதே என்று அய்யா சொன்னார். உரம் கூடப் போடுங்கள் என்று நான் சென்னையிலிருந்து சொன்னேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கமும் பேய்மழை. எத்தனையோ கண்மாய்கள் உடைந்தன. பயிர் போனது, ஆடு மாடு போனது, வீடு போனது. அந்தப் பெரிய துயரத்துக்கு முன்னால் எங்கள் ஐந்து ஏக்கர் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மழையில் என் தப்பு எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். நிலத்தின் கீழ்ப் பாதியில் 60 மீட்டர் நீளத்துக்கு ஓடை விழுந்திருந்தது. சராசரி ஒன்றரை மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். அடியில் சுக்கான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மண் முழுவதும் சின்னையாவின் முதல் வரப்பை உடைத்துக்கொண்டு, அவர் போட்டிருந்த உளுந்தின் மேல் படுத்திருந்தது. அவருடைய இரண்டாவது வரப்பில் தண்ணீர் வேகம் அடங்கி, வடிகால் வழியாக ஒழுங்காகப் போயிருந்தது. அதற்குக் கீழே சேதமே இல்லை. அதே மழை, அதே மண், அதே சரிவு. வித்தியாசம் வரப்பில்தான்.

சின்னையா என்னோடு பேசவில்லை. ஆறு மாதம் பேசவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

நாம் வேறென்ன செய்வோம், கணக்குத்தான் போடுவோம். ஓடையின் கொள்ளளவு 54 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.3 டன் என்று வைத்தால் 70 டன். மூன்று டன் ஏற்றுகிற டிராக்டர் டிரெயிலரில் இருபத்து மூன்று நடை.

இதைவிட என்னை உலுக்கியது அடுத்த கணக்கு. இரண்டு எக்டேர் நிலம் முழுவதும் ஒரே ஒரு மி.மீ. மண் சீராகப் போனால் எவ்வளவு? 20 கன மீட்டர், 26 டன். அப்படியென்றால் எல்லோரும் வந்து பார்த்து உச்சுக்கொட்டிய அந்த ஓடை, நிலம் முழுக்க மூன்று மி.மீ.கூட இல்லை. முந்தைய நான்கு ஆண்டுகளில் கோடு கோடாகப் போனதும், கோடே தெரியாமல் பரப்பாகப் போனதும் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதை யாரும் வந்து பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு எக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்குச் சற்று மேல் மண் அரிக்கப்படுகிறது என்று துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரு அறிஞர்கள் 1983-ல் கணக்கிட்டார்கள். மி.மீ.யில் சொன்னால் ஒன்றேகால். பார்க்கச் சின்ன அளவுதான். ஆனால் அந்த அளவு புது மண் உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும்.

மண் அரிப்புக்கு அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் இருவரும் 1965-லும், விரிவாக 1978-லும் வெளியிட்ட சமன்பாடு ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் அளவு, பயிர் மூடாக்கு, தடுப்பு வேலை ஆகிய ஆறையும் பெருக்குவது. மழையும் மண்ணின் பிறவிக் குணமும் நம் கையில் இல்லை. மற்றதெல்லாம் ஓரளவு நம் கையில்.

சரிவு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டானால் அரிப்பு ஒன்றரை மடங்கு. மூன்றானால் இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் காட்டின் சரிவு இரண்டு. அதை நான் மாற்றவில்லை. ஆனால் 50 மீட்டருக்கு ஒரு வரப்பு என்று இருந்த சரிவின் நீளத்தை 200 மீட்டர் ஆக்கினேன். அதற்கு ஒன்றரை மடங்கு. சரிவுக்குக் குறுக்கே உழுததை மாற்றி மேலிருந்து கீழாக உழ வைத்தேன். அதற்கு ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டையும் பெருக்கினால் இரண்டரை மடங்கு. இருபது செண்ட் நிலம் மிச்சம் பிடிக்கப் போய், மிச்சமிருந்த நிலத்தின் மேல்மண்ணை இரண்டரை மடங்கு வேகத்தில் கீழே அனுப்பியிருக்கிறேன். ஓடை விழுவது இந்தச் சமன்பாட்டில் சேராது. அது தனிக் கணக்கு.

போனது வெறும் எடை இல்லை. நம் மானாவாரிக் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கொஞ்சமும் மேல் சாண் மண்ணில்தான் இருக்கிறது. மண் துகள்களைச் சேர்த்துக் கட்டி வைக்கிற பசை அது. மேல்மண் போகப் போகப் பசை குறைகிறது; பசை குறையக் குறைய அடுத்த மழைக்கு மண் இன்னும் சுலபமாகக் கரைகிறது. அடியில் இருக்கிற மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மணிச்சத்தும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போகின்றன. அய்யா பார்த்த வெளுப்பு அதுதான். நான் சொன்ன உரம் அதற்கு மருந்தில்லை.

தாத்தாவின் லெவல்

2024 கோடையில் லீவு போட்டுவிட்டு ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் வரப்புகள்தான் இல்லையே. சின்னையா காட்டில் தாத்தா போட்ட கோணல் வரப்புகள் அப்படியே இருந்தன. அவர் இல்லாத நேரம் பார்த்து, திருடன் மாதிரி போய் அளந்தேன். நூறு மீட்டருக்கு 30 செ.மீ. வாட்டம். அடுத்த வரப்பு 25. அதற்கடுத்தது 32.

ரூமுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஆழக் கரிசலில் சம உயர வரப்பு சரிவராது. கோடையில் வரப்பே வெடித்துவிடும், மழையில் அந்த வெடிப்பு வழியாக உடையும், உடையாவிட்டால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். அதனால் லேசான வாட்டத்தோடு, உபரித் தண்ணீர் மெதுவாக வெளியேறும்படி வரப்பு போட வேண்டும். வாட்டம் நூற்றுக்கு 0.2-லிருந்து 0.4 வரை. கர்நாடகத்தின் பெல்லாரியில் 1954-ல் தொடங்கிய மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் முதலிய இடங்களில் கரிசலில் பட்டு அறிந்த பாடம் இது. எங்க தாத்தா கைநாட்டு. அவரிடம் லெவல் கிடையாது. மழை பெய்யும்போது கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டில் நின்று, தண்ணீர் போகிற தடத்தில் குச்சி நட்டு வைப்பாராம். அய்யா சொன்னார். "தண்ணி பாத்துப் போட்டது" என்றால் அதுதான் அர்த்தம். நான் அதைக் கோணல் என்று நினைத்தேன்.

பிறகு செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வரப்பையும் 0.3 வாட்டத்தில் திரும்பப் போட்டோம். வடிகால்களுக்குக் கல் பாவினோம். ஓடைக்குள் படிப்படியாகக் கல் தடுப்பு. வரப்பு மேல் மறுபடியும் கொழுக்கட்டைப் புல். டிராக்டர் டிரைவரிடம், கூலி கூடக் கொடுக்கிறேன், குறுக்கேதான் உழ வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கண்மாய் வண்டல் அடித்தோம். வண்டல் என்பது வேறொன்றுமில்லை, நம் மேல்மண்தான். வழி தவறிக் கண்மாய்க்குள் போய்ப் படுத்திருக்கிறது. விவசாயிகள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-லிருந்து அரசு வழி செய்திருக்கிறது; 2024-ல் தாலுகா அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று எளிமையாக்கினார்கள். உருளைக்குடிக்காரர் சோ. தர்மன் கண்மாயை வைத்து எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கண்மாய்க்கும் காட்டுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

நிலத்தில் என்ன நிற்கிறது?

சரிவு ஒரு பக்கம் என்றால், அதில் நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பது இன்னொரு பக்கம். பெரிய மழைத்துளி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் அது ஒரு சின்னச் சம்மட்டி. இலையில் விழுந்து சொட்டினால் வெறும் தண்ணீர். புல்லும் மரமும் நிற்கிற இடத்தில் மண் ஏன் பொலபொலவென்று இருக்கிறது, உழுது உழுது வெறுமையாகக் கிடக்கிற இடத்தில் ஏன் மேலே ஏடு படிகிறது என்பதற்கு இதுதான் காரணம். தரிசில் முளைக்கிற வேலிக்கருவையைத் திட்டாதவர் இல்லை. ஆனாலும் அதன் இலை உதிர்ந்த இடத்தில் கரிமம் கூடித்தான் இருக்கிறது. கரி மூட்டத்துக்காக வேரோடு தோண்டி, குழியை அப்படியே விட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் ஆபத்து.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. நூற்றாண்டைத் தாண்டிய நிலையம். கருங்கண்ணிப் பருத்தியில் தொடங்கி, பிறகு மானாவாரிக்கென்றே பல முறைகளைச் சொல்லி வருகிறது. பருவமழைக்கு முந்தியே விதைப்பது, சிறு சிறு பகுதிகளாகப் பாத்தி கட்டி மழையைத் தேக்குவது, அகலப் பாத்தியும் சாலும் அமைப்பது, ஊடுபயிர். இவை விளைச்சலுக்குச் சொன்னவை என்றுதான் நாம் நினைப்போம். ஐப்பசி, கார்த்திகைப் பெருமழைக்கு முன் நிலத்தை இலையால் மூடி வைப்பதும் அதில் அடக்கம். மக்காச்சோளத்தின் அகலமான இடைவெளியில் உளுந்தோ பாசிப்பயறோ படர விட்டால் மண்ணுக்கும் குடை, வீட்டுக்கும் பருப்பு.

இக்ரிசாட் 1976-லிருந்து பட்டான்செரு கரிசலில் இரண்டு நிலங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. ஒன்றில் மழைக்காலத்தில் சும்மா போட்டுவிட்டுப் பிறகு விதைக்கிற பழைய முறை. மற்றதில் அகலப் பாத்தி, வாட்டமான சால், ஊடுபயிர், உரம். முப்பது ஆண்டுச் சராசரியில் பழைய முறையில் எக்டேருக்கு ஒரு டன் தானியத்தைச் சற்றே தாண்டியது. புதியதில் ஐந்து டன். மண் இழப்போ முதலாவதில் ஆண்டுக்கு ஆறரை டன், இரண்டாவதில் ஒன்றரை டன் அளவில். மண்ணைக் காப்பாற்றினால் விளைச்சல் குறையும் என்கிற பயம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நம்மில் பலர் இந்தச் சீமையிலேயே வேலை செய்கிறோம். பிளாட் போடுகிறோம், கயத்தாறு பக்கம் காற்றாலைக்கு ரோடு போடுகிறோம், சோலார் பலகைக்கு நிலம் சமன் செய்கிறோம். ரோட்டைச் சரிவோடு நேராக இறக்கினால் செலவு குறையும். ஆனால் முதல் மழையில் அந்த ரோடுதான் ஓடை. அந்தத் தண்ணீர் யார் காட்டில் போய் விழும் என்று படத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். படத்தின் எல்லையோடு தண்ணீர் நிற்பதில்லை.

இரண்டாவதாக, சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒரு ஆட்டோ லெவலும் இரண்டு ஸ்டாஃபும் வாங்கிக் கல்லூரியில் வைப்போம். கோடை லீவில் மாணவர்கள் இரண்டு பேர், நம்மில் ஒருவர் என்று சேர்ந்து, வேண்டும் என்று கேட்கிற விவசாயியின் காட்டில் போய் வாட்டக் கோடு குறித்துக் கொடுப்போம். ஒரு காட்டுக்கு அரை நாள் வேலை. அதுகூட வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூப் போதும். அதைப் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும். முதல் செலவுக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகச் சின்னையா விஷயம். 2024 ஆனியில் நான் வரப்புக் கோடு குறித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மூணாவது குச்சிய ஒரு முழம் மேல தள்ளி நடு. அங்கன தண்ணி நிக்கும்" என்றார். கருவியில் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு எங்கள் காட்டிலிருந்து அவர் காட்டுக்குத் தண்ணீர் போனது. கலங்கல் குறைவாகத்தான் போனது. இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். என் பேச்சைக் கேட்டு வரப்பை எடுக்க அனுமதித்த எங்க அய்யா, இன்று முன் வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்னதெல்லாம் சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பு இருந்தால் வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிவிடுவார்.